எழுத்து உள்ளே, வெள்ளை வெளியே

பிப்ரவரி 3

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். கால் வீக்கம் தவிர உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. நீயும் உன் மனைவியும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது மரியாதை. கேட்டுவிட்டேன்.

பதினோரு வருஷம் கழித்து எழுதுகிறேன். உன் அத்தான் இறந்த அன்று வந்தாய், வாசலோடு திரும்பிப் போனாய். அதற்குப் பிறகு உனக்கும் எனக்கும் கடிதம் இல்லை. இப்போதும் உறவு கொண்டாட எழுதவில்லை. ஒரு தகவல் சொல்ல எழுதுகிறேன்.

இங்கே ஆவணக் காப்பகம் என்று ஒன்று இருக்கிறது. பழைய தாள்களுக்குக் குளிரூட்டிய அறை கட்டி வைத்திருக்கிறார்கள், மனிதர்களுக்குக் கிடைக்காத அறை. அங்கிருந்து ஒரு பெண் வந்தாள். எதைத் தொட்டாலும் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொள்வதால் அவளுக்குக் கையுறைக்காரி என்று பெயர் வைத்துவிட்டேன். கண்ணாடித் தொழிற்சாலை வேலைநிறுத்தத்தின்போது நாங்கள் அச்சடித்த போஸ்டர்களைத் தேடிக்கொண்டு வந்தாள். ஊரில் யாரிடமும் ஒன்றுகூட மிஞ்சவில்லையாம். என் மெத்தைக்கு அடியில் ஒன்பது இருந்தன. நாற்பத்தொரு வருஷமாக அவற்றின் மேல்தான் படுத்திருக்கிறேன். என் முதுகு வளையாததற்கு அதுதான் காரணம் என்றேன். சிரிக்காமல் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அக்டோபரில் கண்காட்சி. ஒன்பதும் சுவரில் ஏறும். அதில் ஒன்று பதினேழு பெயர் போஸ்டர். வேலைநிறுத்தத்தை மீறி உள்ளே போன கருங்காலிகள் பதினேழு பேரின் பெயர். ஏழாவது உன்னுடையது. வேறு யார் வாயிலாகவும் நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்பதால் நானே எழுதுகிறேன். அனுமதி கேட்கவில்லை.

இப்படிக்கு,
அக்கா

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நாங்கள் இருவரும் நலம். அவளுக்கு மட்டும் மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது. உன் கால் வீக்கத்துக்கு, படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்துப் பார். தொழிற்சாலையின் முதலுதவி அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவனுக்கு இவ்வளவுதான் வைத்தியம் தெரியும்.

போஸ்டர்களை நீ வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. எல்லாம் சுவரோடு போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு வேண்டுகோள். என் பேத்தி உங்கள் ஊர்க் கலைக் கல்லூரியில் ஓவியம் படிக்கிறாள். இப்படி ஒரு கண்காட்சி என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பாள். மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பாள். ஏழாவது பெயரையும் படிப்பாள். அந்த வரியின் மேல் ஒரு வெள்ளைப் பட்டை ஒட்டச் சொல்ல முடியுமா? ஒரு விரல் அகலம் போதும். இதுவரை உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

என் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டாது என்று உனக்குத் தெரியும். பக்கம் முடிந்தது.

அன்புடன்,
தம்பி

மார்ச் 4

தம்பிக்கு,

தலையணை வைத்துப் பார்த்தேன். வீக்கம் வடிந்திருக்கிறது. அதற்காக உன் மற்ற பேச்சையும் கேட்பேன் என்று நினைக்காதே.

பட்டை ஒட்ட மாட்டேன். விரல் அகலமும் இல்லை, நூல் அகலமும் இல்லை. கையுறைக்காரியிடமும் இதையே சொல்லிவிட்டேன்.

உனக்கு மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். உன் அத்தான் மூன்றாம் உலையில் ஊதுகுழாயோடு நின்றவர். தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் ‘குழல்’. உருகிய கண்ணாடி அவர் வலது கையில் கொட்டியது. அதற்குப் பிறகு அந்தக் கை ஒரு தம்ளரைப் பிடிக்கவில்லை. அந்தக் கைக்காகவும் அது போன்ற கைகளுக்காகவும்தான் வேலைநிறுத்தம். நாற்பது நாள் உன் முதலுதவி அறை ஆட்கள் ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. நாற்பத்தொன்றாம் நாள் காலை நீ போனாய். சட்டைப் பையில் பேனா, கையில் சாப்பாட்டுப் பை. வாசலில் நின்ற என்னைத் தாண்டித்தான் போனாய். மற்ற பெண்கள் உன்னைப் பார்த்துக் கூவினார்கள். நான் கூவவில்லை. வீட்டுக்குப் போய், மை தள்ளி அச்சடிக்க அச்சுத் திரைக்கு அடியில் வைக்கிற அட்டையை எடுத்தேன், ஏற்கெனவே வெட்டியிருந்த ஆறு பெயருக்குக் கீழே உன் பெயரை வெட்டினேன். ஆட்கள் உள்ளே போகப் போக ஒவ்வொரு பெயராக வெட்டிச் சேர்த்தேன். அறுபதாம் நாள் பதினேழானது. அச்சடித்தோம்.

நான் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. நீ கொண்டுவந்த சிலேட்டில் நீ எழுதியதன் மேலேயே குச்சியை ஓட்டித்தான் எழுதக் கற்றேன். என் எழுத்து உன் எழுத்துதான். உன் பெயரை வெட்டும்போது அது நீயே கையெழுத்துப் போட்டதுபோல் இருப்பது எனக்கு அப்போதே தெரிந்தது. கத்தியை நிறுத்தவில்லை.

தொண்ணூற்று மூன்று நாள் நின்றோம். தோற்றோம். விசாரணையில் கம்பெனி தன் விபத்துப் பதிவேட்டை நீட்டியது. வருஷம் முழுக்க விபத்து நாலே நாலு. உன் அத்தான் பெயர் அதில் இல்லை. வீட்டு அடுப்பில் சுட்டுக்கொண்டார் என்று தீர்ப்பில் எழுதினார்கள். என் அடுப்பில். அந்தக் கையோடு இன்னும் முப்பது வருஷம் இருந்துவிட்டுப் போனார். எதிர்த்துக் காட்ட எங்களிடம் ஒரு துண்டுத் தாள் இல்லை.

அந்தப் பதிவேட்டை எழுதிய கை எது என்று நான் உன்னைக் கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை. இருந்ததை இல்லை என்று மறைப்பது கம்பெனிக்காரன் வேலை. என்னிடம் கேட்காதே.

உன் மனைவிக்கு மாடிப்படி வேண்டாம் என்று சொல். கீழேயே படுக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா

மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். வீக்கம் வடிந்ததில் சந்தோஷம். இங்கே அவள் கீழ் அறைக்கு வந்துவிட்டாள். நீ சொன்னதாகச் சொன்னேன், உடனே கேட்டாள். நான் ஆறு மாதமாகச் சொன்னது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ எழுதியது எல்லாம் நடந்ததுதான். எதையும் மறுக்கவில்லை. பட்டை விஷயத்தையும் விட்டுவிடு.

ஒன்று மட்டும் கேட்கிறேன். காட்ட ஒரு துண்டுத் தாள் இல்லை என்று எழுதியிருக்கிறாய். போஸ்டருக்கு உங்களுக்கு அத்தனை தாள் எங்கிருந்து வந்தது? பழைய காகிதக் கடைக்காரர் கொண்டுவந்து போட்ட கட்டு எதுவும் நினைவிருக்கிறதா? பெரிய தாள், ஒரு பக்கம் மட்டும் எழுதியது. அதைப் பிரித்தபோது என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது பார்த்தீர்களா? நீ பார்த்தாயா?

இதற்கு மட்டும் பதில் போடு.

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

நலம். வெயில் ஏறிவிட்டது. என் அறைக்கு மேலே தகரக் கூரை, மத்தியானத்தில் உலைக்குள் இருப்பதுபோல் இருக்கிறது.

உன் கேள்வி விசித்திரமாக இருக்கிறது. ஆனாலும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இது நான் பெருமைப்படுகிற விஷயம். கையுறைக்காரியும் இதைக் கேட்டுவிட்டு முதல் முறையாக வாயைப் பிளந்தாள்.

புதுத் தாள் வாங்க வழியில்லை. அச்சுக்கூடத்திலும் அலுவலகங்களிலும் எங்களுக்காக இரங்குகிறவர்கள் இருந்தார்கள். ஒரு பக்கம் எழுதிய தாள்களை எடுத்துக் காகிதக்காரரிடம் கொடுப்பார்கள். அவர் பின்வாசலில் கட்டாகப் போட்டுவிட்டுப் போவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். கொடுத்தது யார் என்று எங்களுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் போலீஸ் அடிக்கிற அடியில் சொல்லிவிடுவோம். தாளைப் படித்தால் எந்த அலுவலகம், யார் மேசை என்பது தெரிந்துவிடும். அதனால் முதல் நாளே ஒரு விதி போட்டேன். எழுத்து உள்ளே, வெள்ளை வெளியே. இரண்டு தாளை எடுத்து எழுதிய பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பசை போட்டு ஒட்டி, பலகைக்கு அடியில் வைத்து அழுத்த வேண்டும். தாளும் கனமாகும், மையும் ஊறாது. ஒட்டும்போது யாரும் படிக்கக்கூடாது. எங்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்த நான் கூரையைப் பார்த்துக்கொண்டே பசை தடவுவேன்.

ஒருமுறை ஒட்டிக்கொண்டிருந்த ஒருத்தி, “அக்கா, இதுல ஏதோ பேரெல்லாம் எழுதியிருக்கு” என்று சொன்னாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பேரு இருந்தா இன்னும் மோசம். ஒட்டுடி” என்றேன். ஒட்டினாள்.

போலீஸ் இரண்டு முறை வந்தது. இரண்டாவது முறை என்னை ஒரு பகல் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்துத் தாள் கொடுத்தது யார் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். சத்தியமாகத் தெரியாது. அந்த விதியால் தாள் கொடுத்த ஒருவருக்கும் வேலை போகவில்லை. இன்றுவரை யார் என்று தெரியாது. என் வாழ்க்கையில் பிசகில்லாமல் செய்தது அது ஒன்றுதான்.

ஐந்து போஸ்டரின் ஓரத்தில் சிவப்புக் கோடு தெரிகிறது, அது என்ன என்று கையுறைக்காரி கேட்டாள். ஏதாவது கணக்குப் புத்தகமாக இருக்கும் என்றேன்.

இப்படிக்கு,
அக்கா

மே 18

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். முழங்கால் இப்போது பரவாயில்லை, நீங்கள் சொன்ன யோசனைக்கு நன்றி. உங்கள் கால் எப்படி இருக்கிறது?

இவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். ஏப்ரலில் உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டு எழுந்து போய்க் குழாயைத் திறந்து கை கழுவ ஆரம்பித்தார். கழுவிக்கொண்டே நின்றார். கை கழுவும் தொட்டி நிரம்பித் தண்ணீர் நான் உட்கார்ந்திருந்த அறை வரைக்கும் வந்துவிட்டது. “என்னங்க ஆச்சு?” என்று போய்க் குழாயை மூடினேன். “அவளுக்குத் தெரியாது” என்றார். யாருக்கு, என்ன தெரியாது என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல, நீ போ” என்றார்.

அன்றிலிருந்து தினமும் பேனாவை எடுக்கிறார், மூடி வைக்கிறார். சரியாகச் சாப்பிடுவதில்லை. உங்களுக்குள் என்ன என்று நான் கேட்டதே இல்லை. அக்காவும் தம்பியும் பிடிவாதத்தில் ஒரே அச்சு, நடுவில் போனால் நசுங்குவது நான்தான் என்று கல்யாணமான புதிதிலேயே எனக்குத் தெரியும். கடுமையாக ஏதாவது எழுதியிருந்தால், அண்ணி, நல்லபடியாக ஒரு வரி எழுதுங்கள்.

பணிவுடன்,
உங்கள் தம்பி மனைவி

ஜூன் 9

தம்பிக்கு,

உடம்பை என்ன செய்து வைத்திருக்கிறாய்? உன் மனைவி எழுதினாள். எனக்கு ஒளிக்கத் தெரியாது, அதனால் சொல்லிவிட்டேன். அவளைத் திட்டினால் எனக்குக் கோபம் வரும்.

என் கடிதத்தில் கடுமை எங்கே என்று யோசித்துப் பார்த்தேன். ஏப்ரல் கடிதத்தில் உன்னைப் பற்றி ஒரு வரிகூட நான் எழுதவில்லை. பசை, தாள், போலீஸ், இவ்வளவுதான். இதைப் படித்துவிட்டுச் சாப்பிடாமல் இருப்பவனை நான் இப்போதுதான் பார்க்கிறேன். எனக்கு என்ன தெரியாது?

இங்கே ஒரு சிக்கல். பசைக்காகப் பூச்சி வந்திருக்கிறதாம். உள்ளேயிருந்து தாளைத் தின்கிறது. நீராவி காட்டி இரண்டு தாளையும் பிரித்துச் சுத்தம் செய்தால்தான் பிழைக்கும் என்கிறாள் கையுறைக்காரி. என் கையெழுத்து வேண்டுமாம். போடவில்லை. தாள் கொடுத்தவர்கள் யாராவது இன்னும் உயிரோடு இருக்கலாம். விதி விதிதான். அவள் தினமும் வந்து கெஞ்சிவிட்டுப் போகிறாள். நானும் தினமும் தேநீர் கொடுத்து அனுப்புகிறேன்.

சாப்பிடு.

இப்படிக்கு,
அக்கா

ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சாப்பிடுகிறேன். அவளைத் திட்டவில்லை.

பெயர் அப்படியே இருக்கட்டும். பேத்தியிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

தாளைப் பிரிக்க மட்டும் சம்மதிக்காதே. நீ போட்டது நல்ல விதி. பலரைக் காப்பாற்றியது. இத்தனை வருஷம் காத்ததை இப்போது உடைக்க வேண்டாம். பூச்சி தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும். படம் முன்பக்கத்தில்தானே இருக்கிறது.

உன்னைக் கேட்டுக்கொள்கிறேன், அக்கா.

அன்புடன்,
தம்பி

ஜூன் 22

தம்பிக்கு,

நலம். நீ வேண்டாம் என்று எழுதியதும் என் கை தானாகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டது.

கோபிக்காதே, காரணம் இருக்கிறது. நான் செய்த எதையும் நீ மெச்சியதில்லை. இதுதான் முதல் தடவை. வேலைநிறுத்தத்தில் உள்ளே போனவன் மெச்சுகிற விதி என்றால் அதில் ஏதோ கோளாறு இருக்க வேண்டும். ஒரு வாரமாக அதைத்தான் யோசித்தேன். உனக்கு அந்தத் தாளில் என்ன பயம்? கட்டு, பெரிய தாள், ஒரு பக்கம் எழுதியது என்று நேரில் பார்த்தவன் மாதிரி மார்ச்சில் கேட்டாயே, உனக்கு எப்படித் தெரியும்?

ஆகஸ்டில் பிரிப்பார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன் என்ற நிபந்தனையில்தான் போட்டேன்.

இப்படிக்கு,
அக்கா

ஆகஸ்ட் 19

தம்பி,

நலம் விசாரிக்க இன்று முடியவில்லை.

நேற்று பிரித்தார்கள். பெரிய வெள்ளை மேசை. உறிஞ்சு தாளை விரித்து அதன் மேல் பதினேழு பெயர் போஸ்டரைக் கவிழ்த்து வைத்தாள். மெல்லிய நீராவி. மழுங்கிய கத்தியை ஓரத்தில் விட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினாள். ஒரு மணி நேரம் ஆனது. நனைந்த தோல் உரிவதுபோல் தாள் இரண்டாகப் பிரிந்தது.

கட்டம் போட்ட தாள். தேதி, ஷிப்ட், பெயர், உலை, காயம். முதல் வரியில் விரல் இரண்டு. அடுத்ததில் இடது கண். அடுத்ததில் பாதம். ஒவ்வொரு பெயரும் எனக்குத் தெரியும். அந்தப் பாதத்துக்காரர் நொண்டிக்கொண்டே எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து தருவார்.

கையுறைக்காரி குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “அம்மா, இது உங்க கையெழுத்துதானே? போஸ்டர்ல இருக்கிற அதே எழுத்து.”

“இல்லம்மா. இதப் பாத்துத்தான் நான் எழுதக் கத்துக்கிட்டேன்” என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னவோ கேட்டாள். அடுத்த போஸ்டரைக் கவிழ்த்து வை என்றேன்.

சிவப்புக் கோடு போட்ட ஐந்து போஸ்டரையும் பிரித்தாயிற்று. பத்துத் தாள். அறுபத்து மூன்று விபத்து. விசாரணையில் நாலு என்றார்கள். நாங்கள் வாயால் கத்திக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் இது என் மெத்தைக்கு அடியில் இருந்தது. ஒருத்தி என்னிடம் சொன்னாள், பேரெல்லாம் எழுதியிருக்கிறது என்று. நான் ஒட்டுடி என்றேன்.

கட்டில் நூறு தாளுக்கு மேல் இருந்திருக்கும். மற்றது எல்லாம் சுவரில் ஒட்டியாயிற்று. அந்த வருஷம் நல்ல மழை.

பத்துத் தாளிலும் உன் அத்தான் பெயரைத் தேடினேன். விரலால் வரி வரியாகத் தேடினேன். கையுறை போடச் சொன்னாள், போட்டுக்கொண்டு தேடினேன். இல்லை. எந்தச் சுவரிலோ நானே ஒட்டியிருக்கிறேன்.

அன்று ஏன் சொல்லவில்லை? ஏப்ரலில் ஏன் சொல்லவில்லை?

அக்கா

செப்டம்பர் 25

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலம் என்று நினைத்துக்கொள்கிறேன். பதில் இல்லை. நீ பேனாவை எடுத்து மூடி வைப்பது இங்கேயிருந்தே எனக்குக் கேட்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். ஏழாவது பெயரை அடித்துவிடுங்கள் என்று கையுறைக்காரியிடம் போய்ச் சொன்னேன். “ஒரு நூல்கூட மறைக்க விடமாட்டேன்னு மார்ச்ல நீங்கதானே சொன்னீங்க?” என்றாள். அப்படியானால் பதினெட்டாவதாக என் பெயரைச் சேர்க்கிறேன், ஒரு தூரிகை கொடு என்றேன். ஆவணத்தில் அழிக்கவும் கூடாதாம், சேர்க்கவும் கூடாதாம். என் வாதத்தை என் முகத்துக்கே திருப்பிக் காட்டினாள். அவளைத் திட்ட எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை, அது எனக்குப் புது அனுபவம்.

கடைசியில் சண்டை போட்டு ஒன்றைச் சாதித்தேன். அந்தத் தாள் சுவரில் ஏறாது. இரண்டு கண்ணாடிக்கு நடுவில், கூடத்தின் மத்தியில் நிற்கும். வருகிறவர்கள் சுற்றி வந்து பார்க்கலாம். ஒரு பக்கம் பதினேழு பெயர். மறுபக்கம் நீ எழுதியது. பக்கத்தில் ஓர் அட்டை. அதை அவர்கள் கணினியில் அடிப்பதாகச் சொன்னார்கள், நான் கையால்தான் எழுதுவேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்:

“இந்தத் தாளின் இரண்டு பக்கமும் ஒரே எழுத்துபோல் இருக்கும். விபத்துகளை எழுதியவர் என் தம்பி. பெயர்ப் பட்டியலில் ஏழாவதாக இருப்பவரும் அவரே. பட்டியலை எழுதியவள் நான். தாளைப் படிக்காமல் ஒட்டியவளும், படிக்காதே என்று மற்றவர்களுக்குச் சொன்னவளும் நான்.”

எங்கள் போஸ்டர் எதிலும் செய்தவர் பெயர் இருந்ததில்லை. அதுவும் என் விதிதான். அட்டையின் கீழே என் பெயரைப் போட்டுவிட்டேன்.

மன்னிப்பு என்று இதில் எழுதவில்லை. உன்னிடம் கேட்பதா, அந்த அறுபத்து மூன்று பேரிடம் கேட்பதா என்று தெரியவில்லை. அவர்களில் பாதிப் பேர் இல்லை. நீ உள்ளே போனது போனதுதான். அதையும் நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. அறுபத்து மூன்று பேருக்கு ஒரு வரி கிடைத்தது. அவருக்கு இல்லை. அவரைப் பற்றி உலகத்தில் எழுத்தில் இருப்பது என் அடுப்பு மட்டும்தான்.

கண்காட்சி அக்டோபர் 14. வந்தால் வாசலோடு திரும்பாதே.

உன் அக்கா

அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். உன் கால் எப்படி இருக்கிறது? கண்காட்சியில் நெடுநேரம் நிற்காதே, ஒரு நாற்காலி போடச் சொல். இங்கே நலம். நிறைய எழுதிக் கிழித்துவிட்டேன், அதனால்தான் தாமதம்.

நாற்பதாம் நாள் மேலாளர் என் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். விபத்துப் பதிவேட்டைப் புதிதாக எழுத வேண்டும், பழையதை உலையில் போட வேண்டும் என்றார். நான் மறுத்தால் வேறொருவன் எழுதுவான். போனேன். நாலு விபத்து உள்ள பதிவேட்டை எழுதியது என் கைதான், அக்கா. நீ கேட்காமல் விட்ட கேள்விக்கு இதுதான் பதில். எழுதிய நாட்களில் பழைய தாள்களைப் பத்தும் பன்னிரண்டுமாகச் சாப்பாட்டுப் பையில் வெளியே கொண்டுவந்தேன். காகிதக்காரரிடம் கொடுத்து, “அக்கா கையில குடுங்க, படிக்கச் சொல்லுங்க” என்றேன். கொடுத்தார். படிக்கச் சொல்லவில்லை. உங்கள் விதி அவருக்கும் விதிதானே.

அறுபதாம் நாளுக்குப் பிறகு தொழிற்சாலைக்கு எதிர்ச் சுவரில் பதினேழு பெயரைப் பார்த்தேன். ஓரத்தில் சிவப்புக் கோடு. என் தாள். நீ எல்லாவற்றையும் படித்துவிட்டாய், கருங்காலி கொடுத்தது வேண்டாம் என்று முடிவு செய்து அதன் மேலேயே என் பெயரை அடித்துவிட்டாய் என்று நினைத்தேன். இந்த ஏப்ரல் வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன். விசாரணையில் நானே எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டில் என் மனைவி அப்போது பிள்ளை வயிற்றோடு இருந்தாள், வேலை போய்விடும் என்று பயந்தேன். பயத்துக்கு வேறு பெயர் இல்லை. ஏழாவது பெயர் அங்கே இருப்பது சரிதான்.

ஏப்ரலில் உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் உனக்குத் தெரியவே தெரியாது என்று புரிந்தது. பிசகில்லாமல் செய்தது அது ஒன்றுதான் என்று எழுதியிருந்தாய். அதைப் போய் எப்படி உடைப்பேன்?

பேத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரை கேட்டுவிட்டு, “தாத்தா, நீங்க ஏன் நேரா அவங்க வீட்டுக்கே போகல?” என்றாள். பதினான்காம் தேதி அவளோடு வருகிறேன். உள்ளே வருவேன்.

அத்தானின் தாள் மழையில் போனது என்று எழுதியிருந்தாய். அந்த வரியை முதலில் எழுதியவன் நான். புதுப் பதிவேட்டில் அதைத் தாண்டிப் போனவனும் நான். எழுதாமல் தாண்டியதாலோ என்னவோ, ஒரு சொல்கூட மறக்கவில்லை. என் கடிதம் வழக்கமாக ஒரு பக்கத்தோடு முடியும். இது முடியவில்லை. தாளைத் திருப்பு, அக்கா. படி.

(மறுபக்கம்)

தேதி: மார்ச் 11.
ஷிப்ட்: இரண்டு. நேரம் மாலை ஐந்து இருபது.
பெயர்: ஊதுபவர், மூன்றாம் உலை. ‘குழல்’ என அழைக்கப்படுபவர்.
விபத்து நடந்த இடம்: தொழிற்சாலைக்குள், மூன்றாம் உலையின் முன்.
காரணம்: விரிசல் விட்ட ஊதுகுழாய். மாற்றித் தருமாறு காயம்பட்டவர் இருமுறை கேட்டிருந்தார்.
காயம்: வலது கை, முழங்கை முதல் விரல் நுனி வரை, உருகிய கண்ணாடியால்.
மருத்துவமனைக்கு அனுப்பிய நேரம்: ஏழு மணி. வண்டி தரப்படவில்லை. உடன் வேலை செய்பவர்கள் இருவர் தூக்கிச் சென்றனர்.
குறிப்பு: மனைவி பயப்படுவாள், வீட்டில் சொல்ல வேண்டாம் என்று காயம்பட்டவர் கேட்டுக்கொண்டார்.
பதிவு செய்தவர்: மனைவியின் தம்பி.